நைனாவிடம் மிஞ்சிய சொல்

என் அப்பாவுக்குப் பேச்சு போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. முழுதாகப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு ஆளுக்கோர் அர்த்தம் சொல்ல எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படுத்துக் கிடக்கிற மனுஷனிடம் மிச்சம் இருப்பது ஒரு சொல். அதையும் அவருக்கென்று விட்டுவைக்காமல் பங்கு போட வந்துவிட்டார்களே என்று இருக்கும்.

அந்தச் சொல், 'பாடு'.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் வித்யா. பழவேற்காடு மார்க்கெட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடித்துக் கொடுப்பேன், ஆதார் அட்டை லேமினேஷன் போட்டுக் கொடுப்பேன். என் அப்பா செங்கல்வராயன் முப்பத்தெட்டு வருஷம் இந்த ஏரியில் இறால் பிடித்தவர். நான் அவரை நைனா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள், தெலுங்கு எல்லை அவ்வளவு பக்கம். அம்மா பவுனம்மாள் எல்லைக்கு அந்தப் பக்கமே பிறந்தவள். ஏரியைப் படகில் தாண்டி வந்து வாழ்க்கைப்பட்டவள். நான் ஒரே பெண். என் கணவர் ஹரிஹரன் எளாவூர் பக்கத்து நெல்லு வீட்டுப் பிள்ளை, விவசாயக் குடும்பம். பெங்களூரில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். மாதம் ஒரு முறை வருவார். நான் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறேன்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. மூன்றாம் நாள் நர்ஸ் குனிந்து, "உங்க பேரு இன்னா பெரியவரே?" என்று கேட்டாள். நைனா வாயைக் கோணிக்கொண்டு ரொம்ப சிரமப்பட்டு, "பாடு" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "பாடு." வலிக்கிறதா? "பாடு." நான் யார் தெரிகிறதா? கண் நிறைய தண்ணீரோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாடு பாடு பாடு" என்றார்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். பொறுமையாகச் சொன்னார். மூளையில் இடப்பக்கம் அடி. பேச்செல்லாம் அழிந்துபோய் ஒரே ஒரு சொல் மட்டும் சிலருக்கு நிற்கும். ஏன் அந்தச் சொல் நின்றது என்று யாருக்கும் தெரியாது. அவர் மனசில் வேறு ஏதோ சொல்ல நினைப்பார், வாயில் அதுதான் வரும். "நீங்க அதுக்கு அர்த்தம் தேடாதீங்க" என்றார்.

நல்ல யோசனைதான். யார் கேட்டார்கள்?

முதலில் அம்மா. அவளுக்கு உள்ளுக்குள் ஓடுவது தெலுங்கு. தெலுங்கில் பாடு என்றால் நாசம். பாழடைந்த வீடு, கெட்டுப்போன சோறு, உருப்படாதவன், எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். அவள் கல்யாணம் ஆகி வந்த முதல் வாரத்தில் நைனா ஏரி வேலையை நினைத்துச் சந்தோஷமாக, "நாளைக்கு நம்ம பாடு" என்று சொல்லிவிட்டுப் போக, புதுப் பெண்ணிடம் இப்படியா அபசகுனமாகப் பேசுவது என்று மூலையில் உட்கார்ந்து அழுதாளாம். அதைச் சொல்லிச் சொல்லி இத்தனை வருஷம் இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இப்போது சிரிக்க முடியவில்லை. சோற்றைக் கொண்டுபோய் வைத்தால் "பாடு" என்கிறார். புடவையை மாற்றிக்கொண்டு எதிரே வந்தால் "பாடு" என்கிறார். "நான் இவருக்கு இன்னா கொற வெச்சேன்? தேவுடா, மூஞ்சியப் பார்த்து நாசம் நாசம்னு சொல்றாரே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

"யம்மா, அவரு தமிழ்லதான் சொல்றாரு" என்பேன்.

"தமிழ்ல மட்டும் அது நல்ல வார்த்தையா? உங்க ஊர்லயும் கஷ்டத்துக்குத்தானே சொல்றீங்க? நான் பட்ட பாடு, நாய் பட்ட பாடுனு."

எரிச்சல்தான் வந்தது. பாத்திரத்தை டமால் என்று வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா வேறு மாதிரி. மாதா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருஷமாக இருப்பவள். எட்டிப் பார்க்கும்போது நைனா "பாடு" என்றால் போதும், "அண்ணன் கேட்டுட்டாரு" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிடுவாள். இரண்டு பாட்டு, மூன்று பாட்டு. முடிந்ததும் நைனா மறுபடி "பாடு" என்பார். "பார்த்தியா வித்யா, இன்னொண்ணு கேக்கறாரு." அவர் பாட்டுக் கேட்கவில்லை அக்கா, ஏரியில் வலை கட்டுகிற 'பாடு' அது என்றேன் ஒருநாள். "எனக்குத் தெரியாதா? எனக்குப் பிடிச்ச அர்த்தத்த நான் எடுத்துக்கறேன். உனக்கு இன்னா போச்சி?" என்றாள். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் நிற்காது.

வியாழக்கிழமை தோறும் கை கால் பயிற்சி கொடுக்க மார்கரெட் வருவாள். கேரளாப் பெண், இருபத்தாறு வயது, என்னைச் சேச்சி என்பாள். முதல் நாள் நைனாவின் காலை மடக்கி நீட்டும்போது அவர் "பாடு" என்றதும், "ஆமா அப்பா, பாடுதான், ரொம்பப் பாடு" என்று தடவிக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் ஒரு வேலை கடினமாக இருந்தால் அதைப் பாடு என்பார்களாம். காயம் ஆறிய பிறகு தோலில் நிற்கிற தழும்பும் பாடுதானாம். "அப்பா கரெக்டாத்தான் சொல்றாரு சேச்சி. கஷ்டம்னும் சொல்றாரு, தழும்புன்னும் சொல்றாரு" என்று சிரித்தாள். ஹரிஹரனிடம் போனில் சொன்னால் அவர் கன்னடத்தைக் கொண்டுவருகிறார். அவருடைய குடோன் ஓனர் லாரி வராத நாளெல்லாம் "நம்து நாயி பாடு" என்று தலையில் அடித்துக்கொள்வாராம். நம் பிழைப்பு நாய்ப் பிழைப்பு என்று அர்த்தம். போனை வையுங்கள் என்றேன்.

நான்கு பாஷையிலும் இந்தச் சொல்லுக்கு நல்ல பொருளே இல்லையா, ஆரோக்கியமேரி அக்கா பாட்டைத் தவிர? ஒரே வீட்டில் பிறந்து நான்கு ஊருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் மாதிரி இந்தச் சொல் போன இடமெல்லாம் கஷ்டப்பட்டிருக்கிறது. எங்கள் ஏரியில் மட்டும்தான் அதற்குக் கொஞ்சம் மரியாதை.

எங்களுக்குப் பாடு என்றால் முறை. முகத்துவாரத்தின் வழியாகக் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறி இறங்கும் இடத்தில்தான் இறால் ஓடும். அந்த இடத்தில் கம்பு நட்டுச் சுத்து வலை கட்டலாம். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் கட்ட முடியாது. அதனால் இடத்தையும் நாளையும் பங்கு பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்று உனக்கு நாளை எனக்கு என்று வைத்திருக்கிறார்கள். அந்த இடமும் பாடு, அந்த நாளும் பாடு, அந்த உரிமையும் பாடு. சில வருஷம் முன்னால் காலேஜிலிருந்து ஒருத்தர் நோட்டோடு வந்து, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நைனாவிடம் கேட்டார். நைனா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "படறதுதான் பாடு சார். தண்ணி பட்ட எடத்துல வலை படுது. வலை பட்ட எடத்துல மீன் படுது. பட்டது போதும்னு நாங்க வூட்டுக்கு வரோம்." அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சரியோ தப்போ, நைனா அன்றைக்கெல்லாம் ரொம்பப் பெருமையாக இருந்தார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், அம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் ஊர் கூடும். தலைவர் நோட்டைப் பிரித்து வரிசையாகப் பேர் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் தன் வாயால் "பாடு" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் பேர் எழுதிய சீட்டு குடத்துக்குள் விழும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் பேரை அடித்துவிடுவார்கள். அடித்த பேர் திரும்ப ஏறாது. வலையை யார் வேண்டுமானாலும் போய்க் கட்டலாம், தம்பி மகனை அனுப்பலாம், கூலிக்கு ஆள் வைக்கலாம். ஆனால் பதில் மட்டும் பேருக்குரியவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். செத்தவன் பேரிலும் ஊரை விட்டுப் போனவன் பேரிலும் வலை இறங்கக் கூடாது என்பதற்காக யாரோ எந்தக் காலத்திலோ வைத்த கட்டு.

நைனாவுக்கு மகன் இல்லை. மாப்பிள்ளை நெல்லு வீடு, அவருக்கு உரிமை இல்லை. நைனாவின் தம்பி மகன் சுபாஷ்தான் ஆறு மாதமாக அவர் பேரில் வலை கட்டி, பிடித்ததில் பாதியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகாததால் தனிப் பேர் இன்னும் ஏறவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போகப் பிடிக்காமல் ஏரியிலேயே நின்றவன். நைனா பேர் போனால் அவனுக்கும் ஏரி இல்லை, எங்களுக்கும் இல்லை. அதைவிட எனக்கு முக்கியம் வேறு. காலும் கையும் பேச்சும் போன மனுஷனுக்கு ஊரில் இன்னும் இருப்பது அந்த நோட்டில் உள்ள முப்பத்து நான்காவது பேர் ஒன்றுதான். அதையும் அடித்துவிட்டால் அவர் வெறும் கட்டிலில் கிடக்கிற உடம்பு. அதை நான் விட மாட்டேன் என்று இருந்தேன்.

பாருங்கள், எத்தனை ஆயிரம் சொல் போயிற்று. அந்த மண்டபத்தில் எந்த ஒரு சொல் வேண்டுமோ அது மட்டும் நின்றிருக்கிறது. அம்மனே வாயில் பிடித்து நிறுத்திவைத்தாள் என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொன்னேன்: "நாசம்னு அழுதியே, அதுதாம்மா நம்ம வூட்டக் காப்பாத்தப் போவுது."

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பங்குனி மாதம் சுபாஷும் நானும் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். சுபாஷ் நோட்டைப் பிடித்துக்கொண்டு, "செங்கல்வராயன்!" என்று கத்துவான். நைனா, "பாடு!" என்பார். கைதட்டுவோம். "கன்னியப்பன்!" "பாடு!" "எத்திராஜு!" "பாடு!"

"பெரிப்பா, அது உன் பேரு இல்ல பெரிப்பா" என்று சுபாஷ் தலையைப் பிடித்துக்கொள்வான்.

இது சிரிக்கிற விஷயம் இல்லை. அடுத்தவன் பேருக்குப் பதில் சொல்வதுதான் மண்டபத்தில் பெரிய குற்றம். அவன் முறையைத் திருடுகிற மாதிரி. முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை நீக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வந்த ஒருத்தன் அப்படி உளறி, அவன் அண்ணன் தம்பியெல்லாம் மண்டை உடைத்துக்கொண்டார்கள்.

தலைவர் வேணு வீட்டுக்குப் போனேன். நைனாவும் அவரும் ஒரே வருஷத்தில் பேர் ஏறியவர்கள். நைனா பேரை முதலில் கூப்பிட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "வரிசைய மாத்துனா நாளைக்கு ஒவ்வொருத்தனும் மாத்தச் சொல்லுவாம்மா. வரிசைக்காகவே ரெண்டு வருசம் கோர்ட்டுக்குப் போனோம்" என்றார். பேர் வரும் நேரத்தில் உள்ளே தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். அதுவும் ஆகாது, சூடம் ஏற்றிய பிறகு யாரும் உள்ளே வரவோ எழுந்து வெளியே போகவோ கூடாது. "ஒண்ணு செய்யறேன். பொம்பளைங்க உக்கார்ற எடம் இல்ல அது. ஆனா உடம்பு முடியாதவரு, புடிச்சிக்க ஆள் வேணும்னு சொல்லி உன்ன அவரு பக்கத்துல உக்கார வெக்கறேன். மீதிய நீ பார்த்துக்க."

மார்கரெட்தான் வழி சொன்னாள். உதட்டில் விரல் வைத்தால் பேசக் கூடாது, தோளைத் தட்டினால் பேச வேண்டும். மூன்று வாரம் தினமும் பழக்கினோம். விரலை அவர் உதட்டில் வைப்பேன், சுபாஷ் யார் யார் பேரையோ கத்துவான், நைனா வாயை மூடிக்கொண்டு என்னையே பார்ப்பார். தோளைத் தட்டுவேன். "பாடு!" நூற்றுக்கு எண்பது சரியாக வந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அவருக்கும் முகத்தில் ஒரு பரபரப்பு வந்துவிட்டது. சரியாகச் சொன்னால் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அந்த மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்வானேன்.

சித்திரை வெயில் காலை ஒன்பது மணிக்கே மண்டபத்து ஓட்டை வறுத்தெடுத்தது. நைனாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க மார்போடு சேர்த்துத் துண்டால் கட்டினோம். வலப்பக்கம் நான், இடப்பக்கம் சுபாஷ். அறுபது எழுபது ஆம்பிளைகள் எங்களைப் பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். நைனா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சூடம் ஏற்றினார்கள். வேணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

முதல் பேர். "பாடு!" என்று எங்கேயோ பின்னாலிருந்து பதில். இரண்டாம் பேர். "பாடு!" வீட்டில் சுபாஷ் ஒருத்தன்தான் கத்துவான், பதில் சொல்ல வேறு ஆள் இல்லை. இங்கே நாலா பக்கமிருந்தும் அந்தச் சொல் வருகிறது. நைனாவின் உடம்பு முறுக்கேறுவதைப் பார்த்தேன். உதட்டில் விரல் வைத்தேன். அடக்கிக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து.

"தேசப்பன்!"

"பாடு" என்றார் நைனா. சத்தமாக, தெளிவாக. தேசப்பன் சொல்வதற்கு முன்னால்.

தேசப்பன் எழுந்துவிட்டான். "இன்னாது இது?" பின்னால் ஒருத்தன் சிரித்தான், இன்னொருத்தன் அவனை அதட்டினான். வேணு கையைத் தூக்கினார். "உக்காரு தேசப்பா. தெரியாம வந்திச்சி. ஒரு தடவ ஆச்சி, வுட்டுட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "வித்யா, இன்னொரு தடவ வந்தா என் கையில ஒண்ணும் இல்லம்மா."

நைனா பேர் வர இன்னும் இருபத்தேழு பேர் இருக்கிறது. விரல் போதாது. நான் வலது கையை விரித்து நைனாவின் வாயை மூடினேன்.

அடுத்த பேருக்கு அவர் உதடு என் உள்ளங்கையில் அசைந்தது. 'பா' என்று சொல்ல உதடு சேர்ந்து பிரிய வேண்டும் அல்லவா? சேர்ந்தது. பிரிய நான் விடவில்லை. அழுத்தினேன். அடுத்த பேர். மறுபடியும் அசைந்தது. மூச்சு சூடாக விரல் இடுக்கில் வந்தது. இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். சுபாஷ் அந்தக் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். "கொஞ்ச நேரம் நைனா, கொஞ்ச நேரம்" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பேருக்கும் அந்த உதடு முட்டியது. ஒவ்வொரு பேருக்கும் நான் அழுத்தினேன். அவருக்கு வலிக்கும் என்று தெரியும். வலித்தால் வலிக்கட்டும், பேர் நிற்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவர்மேல் கோபம்கூட வந்தது. மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தேனே, ஒரு அரை மணி நேரம் சும்மா இருக்கத் தெரியாதா?

இருபதாவது பேருக்கு மேல் அசைவு குறைந்தது. இருபத்தைந்து வாக்கில் நின்றுவிட்டது. அப்பாடா, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். சுபாஷைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவனும் சிரித்தான். நைனா நேராக வேணு கையில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செங்கல்வராயன்!"

கையை எடுத்தேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது. தோளைத் தட்டினேன்.

நைனா பேசவில்லை.

உதடு மூடியே இருந்தது, என் கை இன்னும் அங்கே இருக்கிற மாதிரி. மறுபடி தட்டினேன். "சொல்லு நைனா. இப்ப சொல்லலாம். உன் பேருதான்."

"செங்கல்வராயன்!" இரண்டாம் முறை.

"பெரிப்பா, சொல்லு பெரிப்பா, உன்னத்தான் கூப்புடறாங்க" என்று சுபாஷ் அவர் கையைப் பிடித்து உலுக்கினான். நாற்காலிக்கு முன்னால் போய் மண்டி போட்டு அவர் முகத்தைப் பிடித்தேன். "நைனா, என்னப் பாரு. பாடு. பாடு சொல்லு. ஒரே ஒரு தடவ."

வேணு மூன்றாம் முறை உடனே கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். தேசப்பனே எட்டிப் பார்த்து, "சொல்லு மாமா" என்றான். அத்தனை பேருக்கும் அவர் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. அதை நான் பார்த்தேன். எவனையும் திட்ட எனக்கு வழி இல்லை.

"செங்கல்வராயன்..." மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டார் வேணு.

நைனா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயை இறுக்கிக்கொண்டு, சரியாகத்தானே செய்கிறேன் என்று கேட்கிற மாதிரி பார்த்தார்.

வேணு பேனாவை எடுத்தார். ஒரு கோடு. பிறகு முப்பத்தைந்தாவது பேரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்து போகக் கூடாது என்பதால் நாங்கள் மீதிப் பேர் முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓடிவந்து, "சொன்னாரா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். சுபாஷ் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டான். மறுவாரமே காட்டுப்பள்ளியில் வேலை கேட்டு ஃபார்ம் வாங்க என் கடைக்குத்தான் வந்தான். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று முழுவதும் நைனா ஒரு சொல் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்தோம். மறுநாளும் இல்லை. அம்மா புடவை மாற்றிக்கொண்டு எதிரே போய் நின்றாள். இல்லை. ஆரோக்கியமேரி அக்கா வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள், கேட்காமலே பாடினாள், நடுவில் நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் வரவில்லை. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். நான்காம் நாள் அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து, "ஏமய்யா, ஒரு தடவ திட்டய்யா. நாசமாப் போன்னு சொல்லய்யா. நான் அழ மாட்டேன், சத்தியமா அழ மாட்டேன்" என்று கெஞ்சினாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் சமையலறையில் அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றேன்.

மெட்ராஸுக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக எதுவும் இல்லை, முன்பு எப்படியோ அப்படியே இருக்கிறது என்றார் அதே டாக்டர். அப்படியென்றால் ஏன் பேசவில்லை? "என்ன நடந்திச்சி?" என்று கேட்டார். நான் மண்டபம் என்றேன், கூட்டம் என்றேன், வெயில் என்றேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை.

சாயங்காலக் கஞ்சி ஊட்டுவது எப்போதும் என் வேலை. கூட்டம் முடிந்த அன்றிலிருந்து நைனா என்னிடம் சாப்பிடவில்லை. ஸ்பூனைக் கொண்டு போனால் வாயை மூடிக்கொள்வார். கோபத்தில் இருக்கிறார், இருக்கட்டும், நியாயம்தான் என்று கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அம்மா கொடுத்தால் குழந்தை மாதிரி வாயைத் திறந்து சாப்பிடுவார்.

அடுத்த வியாழக்கிழமை மார்கரெட் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சேச்சி, ஸ்பூன் வேண்டா. வெறும் கைய மட்டும் பக்கத்துல கொண்டு போங்க" என்றாள். கொண்டு போனேன். என் வலது கை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வரும்போதே உதடு இறுகிவிட்டது. கண் நேராக எதிர்ச் சுவரைப் பார்த்தது. கையை எடுத்தேன். தோளைத் தட்டினேன். அப்படியேதான் இருந்தார். பதவிசாக, நிமிர்ந்து, வாயைக் கட்டிக்கொண்டு.

"அப்பாக்குக் கோபம் ஒண்ணும் இல்ல சேச்சி" என்றாள் மார்கரெட். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள். "சேச்சி சொன்னத அப்பா கேக்கறாரு. அவ்வளவுதான்."

இப்போது அம்மாதான் ஊட்டுகிறாள். அந்த நேரத்தில் நான் அறையில் இருந்தால் அவர் அம்மாவிடமும் வாய் திறப்பதில்லை. அதனால் கஞ்சியைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் தெருவில் போய் நிற்கிறேன்.